வாசலில் நின்ற நினைப்பு

ஜூன் 9

அக்கா,

இல்ல, சாமியாராகல. வேதப் புத்தகத்தைப் படிக்கிறேன், அவ்ளோதான். இந்த குடோன் கேட்ல எனக்கு முன்னாடி இருந்த காவலாளி விட்டுட்டுப் போனது. போனைக் காலையிலயே வாங்கி வெச்சுக்கறாங்க. சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிக்கும். அதான் படிக்கிறேன், அதான் இந்தக் கடிதமும்.

முதல்ல ரொம்ப போரடிச்சுது. அப்புறம் ஒரு கோட்டை முற்றுகை வந்துச்சு. சட்டுன்னு பொறி தட்டுச்சு: இது சண்டைக் கதையே இல்ல! கோட்டைங்கறது மனசு. கண்ணு, காது எல்லாம் வாசல். எதிரிங்க நம்ம நினைப்புங்க. வாசல்ல நிக்கற காவல்காரன்தான் கவனம். அவன் அசந்தான், கோட்டை காலி. அட, என் வேலைதான்!

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கேட் பக்கத்துல ஸ்டூல் போட்டு, கண்ணை மூடிப் பழகறேன். சினிமாப் பாட்டு வந்தா துரத்தறேன். மேனேஜர் மூஞ்சி வந்தா துரத்தறேன். பெரிய எதிரி அப்பாதான். காலேஜை விட்டு நின்னதுலேர்ந்து மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, ஆனா தலைக்குள்ள ஓயறதே இல்ல. "உருப்பட மாட்டே, உருப்பட மாட்டே."

நேத்து எதிரி புதுசா ஒரு தந்திரம் பண்ணான். அதே அப்பா குரல், ஆனா பாசமா: "சாப்பிட்டியாப்பா?" அவராவது, அப்படிக் கேக்கறதாவது! நான் கண்ணைத் திறக்கவே இல்ல. "நீ வெறும் நினைப்பு. உள்ள விட மாட்டேன், போய்யா"ன்னேன். கொஞ்ச நேரம் இருமிச்சு. அப்புறம் போயிடுச்சு.

ஜெயிச்சுட்டேங்கா!

உன் தம்பி

ஜூன் 13

அட மடச் சாம்பிராணி,

அது நினைப்பு இல்லடா, அப்பா! ரெண்டு பஸ் மாறி உன்னைப் பார்க்க வந்தாரு. ஒரு வாரமா கெஞ்சி நான்தான் அனுப்பி வெச்சேன். பெத்த அப்பனைப் பார்த்து "போய்யா"வா?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம உக்காந்துட்டாரு. "என்னைப் போய் நினைப்புங்கறானே"ன்னு அதையே சொல்லிட்டு இருந்தாரு. இப்ப பக்கத்து வீட்டுலேர்ந்து வேதத்தை வாங்கிட்டு வந்து படிக்கறாரு. கணக்கு வாத்தியார் புத்தி போகுமா? கையில சிவப்புப் பேனா. "அப்பனைத் துரத்துன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"ன்னு என்னைக் கேக்கறாரு.

அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுது. எழுதலைன்னா உங்க ரெண்டு பேர் நடுவுல இனி நான் வர மாட்டேன்.

கோபத்தோட (ஆனா வேளைக்குச் சாப்பிடு),
அக்கா

ஜூன் 17

அக்கா,

எழுதி எழுதிக் கிழிச்சுட்டேன். "அன்புள்ள அப்பா"ன்னு போட்டா எனக்கே யாருக்கோ எழுதற மாதிரி இருக்கு. நீயே அவர்கிட்ட படிச்சுக் காட்டு: தெரியாம பண்ணிட்டேன்பா. நீங்க நெஜமாவே வருவீங்கன்னு நான் கனவுலகூட

ஐயோ, இரு. கேட்டுக்கு வெளிய அவரேதான்! குடையை இடுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிட்டு நிக்கறாரு. "அப்பா"ன்னேன். "யாரது? நினைப்பா, நிஜமா?"ங்கறாரு. "நிஜம்தாம்பா." "வாயால சொன்னா நம்ப மாட்டேன்." கண்ணைத் திறக்கவே மாட்டேங்கறாரு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக் கொல்றான், இவருக்கு இருமல் வேற. கையைப் பிடிச்சு நான்தான் உள்ள கூட்டிட்டு வரணும்.

நான் போறேங்கா