அவள் சொன்ன ‘ம்’

ஜூன் 3

மச்சானுக்கு,

நேற்றுக் காலை உங்கள் தங்கை வாய் திறந்தாள். ஸ்ட்ரோக் வந்து நாலு மாதம் ஒன்பது நாள் ஆகிறது. இதுவரை ஒரு சத்தம் இல்லை. நேற்று, மாடியை வாடகைக்கு விடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீளமாக “ம்ம்ம்” என்றாள். சம்மதம்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன் வாசலில் நிற்க வைத்து நான் உங்களைப் பேசின பேச்சு எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கும் மறந்திருக்காது. இப்போது எழுதுவது காரியம் ஆக வேண்டும் என்பதால். மறைத்து என்ன ஆகப்போகிறது?

கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த வால்வு ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கி அவள் கட்டில் பக்கம் வைத்திருக்கிறேன். பாடுகிறது. ஆனால் பாட்டுக்கு அடியில் ஓயாத ஓர் இரைச்சல், சாக்கு மூட்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி. அந்த இரைச்சலில் அவள் சொல்வது தெளிவாகக் கேட்கவில்லை. பெட்டியை அணைத்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஆகவே ரேடியோ ஓட வேண்டும், இரைச்சல் போக வேண்டும். அது போனால் சொல்லும் வரும் என்று நம்புகிறேன். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இங்கே ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்கள், “இதையா? தூக்கிப் போடுங்க சார்” என்கிறார்கள். இந்த மாதிரிப் பழைய பெட்டிக்கு உங்கள் கடையை விட்டால் ஆளில்லை.

தங்கள்,
மாப்பிள்ளை

ஜூன் 10

மாப்பிள்ளைக்கு,

நாலு மாதம்! கூடப் பிறந்தவன் ஒருத்தன் உயிரோடு இருக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றவேயில்லையா? சாக்கு விற்கிறவர், எனக்கு ஒரு சாக்காவது சொல்லியிருக்கலாம்.

திட்ட நிறைய இருக்கிறது. முதலில் வேலை. அந்த இரைச்சலை நாங்கள் ‘ஹம்’ என்போம். வால்யூமை அடியோடு குறையுங்கள். ஹம்மும் குறைந்தால் கோளாறு முன்பக்கம். பாட்டு நின்ற பிறகும் ஹம் நிற்காமல் இருந்தால் பவர் சப்ளை. பின்பலகையைக் கழற்ற வேண்டி வந்தால் பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கை வைக்காதீர்கள். ஃபில்டர் கண்டன்சர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆளைத் தூக்கி எறியும். வேலை செய்யும்போது இடது கை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும், இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும்.

அவள் சாப்பிடுகிறாளா? அதை எழுதவே இல்லையே நீங்கள்.

மச்சான்

ஜூன் 17

மச்சானுக்கு,

சாப்பிடுகிறாள், கஞ்சி மாதிரி கரைத்துக் கொடுத்தால். நர்ஸ் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஸ்பூன் நான்தான் பிடிக்கிறேன்.

முன்பே எழுதாததற்கு நிஜமான காரணம் கேட்டால், நீங்கள் வந்து நின்றிருப்பீர்கள். உங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என்னைப் பார்த்து அது வந்ததில்லை. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

வால்யூமைக் குறைத்தேன். பாட்டு செத்தது, ஹம் சாகவில்லை.

அவள் தினமும் “ம்” சொல்கிறாள். காப்பி வேண்டுமா என்றால் “ம்ம்ம்.” என்மேல் கோபமா என்றேன். “ம்ம்ம்.” பதறிப்போய், கோபமில்லைதானே என்று மாற்றிக் கேட்டேன். அதற்கும் அதே “ம்ம்ம்.” இருபத்தாறு வருஷமும் அப்படித்தான். நான் என்ன சொன்னாலும் “ம்” என்பாள், காரியத்தை முடித்துவிடுவேன். வீட்டில் எதிர்த்துப் பேசாத பெண்டாட்டி என்று மார்க்கெட்டில் பெருமை அடித்திருக்கிறேன்.

இரைச்சலை நிறுத்திக் கொடுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை

ஜூன் 23

மாப்பிள்ளைக்கு,

அப்படியென்றால் பவர் சப்ளைதான். ஃபில்டர் கண்டன்சர் காய்ந்திருக்கும். புதிதாக இரண்டு வாங்கி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பிளஸ், மைனஸ் மாற்றிப் போட்டால் வெடிக்கும். நீங்களே செய்யாதீர்கள், தெரிந்தவனை வைத்துச் செய்யுங்கள். பழையதைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

என் தங்கைக்கு ஸ்பூன் பிடிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் பார்சல் செலவு என்னுடையது.

மச்சான்

ஜூலை 4

மச்சானுக்கு,

குடோன் வயர்மேன் வந்து மாற்றிக் கொடுத்தான். ரேடியோ கண்ணாடி மாதிரிப் பாடுகிறது. இழை அளவுகூட இரைச்சல் இல்லை.

அவள் பேச்சு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ஒரு “ம்” இல்லை. அரை மணி நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடினாள். ஆறு நாளாக வாய் திறக்க மறுக்கிறாள், ஸ்பூன் பல்லில் முட்டுகிறது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார். சத்தமாக வைத்தேன், ஸ்டேஷன் மாற்றினேன், அவளுக்குப் பிடிக்கும் என்று நான் நினைத்த பாட்டையெல்லாம் தேடினேன். எது பிடிக்கும் என்று எனக்கு நிஜமாகத் தெரியவில்லை, மச்சான்.

என்ன தப்பு செய்தேன்?

மாப்பிள்ளை

ஜூலை 10

மாப்பிள்ளைக்கு,

தப்பு செய்தது நான். பார்சல் கட்டி அனுப்பி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

உங்களுக்கு இது தெரியாது, நீங்களும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் என் கடையின் காது அவள்தான். எனக்குக் கீழ்ச் சுரம் பிடிபடாது, நல்ல மீட்டர் வாங்கக் கையில் ஒன்றுமில்லை. ஹம் அடிக்கிற பெட்டி வந்தால் முன்னால் உட்கார்ந்து அதே சுரத்தில் “ம்ம்ம்” என்று பிடிப்பாள். தாழ்வாகப் பிடித்தால் வால்வுப் பக்கம் பார்ப்பேன், மேலே பிடித்தால் ஃபில்டரை மாற்றுவேன். ஒருமுறைகூட அவள் தப்பினதில்லை.

அவள் உங்களுக்குப் பதில் சொல்லவில்லை, மாப்பிள்ளை. காப்பிக்கும் இல்லை, மாடி வாடகைக்கும் இல்லை. பழுது எங்கே என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழுது போனதும் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

பதினோரு வருஷத்துக்கு முன், ஒரே ஒரு மாதம் அவளைக் கடைக்கு அனுப்புங்கள் என்று கேட்க வந்தேன். “என் பெண்டாட்டி ஈயம் பத்தவைக்கிற கம்பியைப் பிடிக்க மாட்டா. என்னடி?” என்றீர்கள். கதவோரம் நின்று “ம்” என்றாள். நீங்கள் ஜெயித்த மாதிரிச் சிரித்தீர்கள். அவள் முகத்தைப் பார்த்தது நான்.

இங்கே ஹம் அடிக்கிற பெட்டிகள் இருபது கிடக்கின்றன. அவளை அனுப்புங்கள். குணமாவாள் என்று சொல்ல மாட்டேன், நான் வாக்கு விற்கிறவன் இல்லை. அனுப்புவதானால் என் நிபந்தனைகள் தனித்தாளில் இருக்கின்றன.

மச்சான்

ஜூலை 19

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னது சரியில்லை என்று நிரூபிக்கப் பார்த்தேன். வயர்மேனைக் கூப்பிட்டுப் புதுக் கண்டன்சரைக் கழற்றச் சொன்னேன். “ரிப்பேர் பண்ணச் சொல்வாங்க சார். ரிப்பேரைப் பழுதாக்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்” என்றான். கழற்றினான். பெட்டி காட்டுக் கத்தல் கத்தியது. அவள் நெற்றியைச் சுருக்கினாள், அவ்வளவுதான். அது பழைய சுரம் இல்லை. குப்பைத் தொட்டியில் கிடந்த பழைய கண்டன்சரையே போடு என்றேன். “வேணாம் சார்” என்றான். நான் முதலாளி குரலில் பேசினேன். போட்டான். ஒரு நிமிஷத்தில் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து பெட்டி செத்தது. அறை முழுக்கக் கரிந்த வார்னிஷ் நாற்றம்.

அவள் இடது கையை நீட்டினாள். பெட்டியை அருகில் நகர்த்திக் கொடுத்தேன். கருகின இடத்தைத் தொட்டாள், விரலை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து போடும் வாடிக்கையாளர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்படிப் பார்த்தால் சரக்கை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வேன்.

“அண்ணன்கிட்ட போறியா?” என்று கேட்டேன். பதில் இல்லை. “இங்கேயே இருக்கியா?” அதற்கும் இல்லை. இரண்டில் எனக்குத் தோதானதை அவள் வாயில் வைத்துப் பேசிப் பழகினவன் நான். இந்தத் தடவை அவள் பேரில் நான் முடிவு சொல்லவில்லை. அவள் சத்தத்தின் அர்த்தம் தெரிந்த ஒருவர் கையில் ஒப்படைக்கிறேன், அவ்வளவுதான். டாக்டர், வழியில் எதுவும் ஆகலாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

தனித்தாளைப் படித்தேன். பேரம் பேசாமல் நான் ஒத்துக்கொள்ளும் முதல் வியாபாரம் இது. வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வண்டியில் அவளை அங்கே கொண்டுவருவேன், நர்ஸும் கூட வருவாள். உங்கள் நிபந்தனைப்படி, வாசலோடு நான் திரும்ப வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாம், கடை பெஞ்சில் உட்காரலாம், அவள் முகத்தைத் திருப்பினால் எழுந்துவிட வேண்டும். அவள் எந்தச் சத்தம் எழுப்பினாலும் அதற்கு நான் அர்த்தம் சொல்லக் கூடாது. எப்போது திரும்பி வருவாள் என்று உங்களிடமோ அவளிடமோ ஒருபோதும் கேட்கக் கூடாது.

மாப்பிள்ளை