சேதாரக் கிழவியின் கடை

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ போன பிறகு வீடு சுத்தமா இருக்கு. முன்னறைப் பாயில் டீக் கறை இல்லை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உன் மாமா நிம்மதியாத் தூங்குறார். கேட்க உனக்குச் சந்தோஷமா இருக்காது. இருந்தாலும் சொல்றேன்.

போன ஞாயிறு பாஸ்கரும் முரளியும் வந்தாங்க. உன் காரியம் முடிஞ்சு இதுதான் முதல் தடவை. ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து முடிக்கணுமாம்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்லிடறேன். அது நீ பெங்களூரில் படிச்சப்ப கத்துக்கிட்டு வந்த ஆட்டம். ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க ஆளுக்கொரு வீரனா இருந்து, என்ன செய்றோம்னு வாயால சொல்லிப் பகடை உருட்டணும். கதை சொல்றவன் நீ. நம்ம மலையையே பெரிய காடாக்கி, உள்ளே ஒரு அசுரனை வெச்சே.

ஆனா அசுரன்கிட்ட யாரும் போகலை. கத்திக்கு இரும்பு முப்பது காசு, செஞ்ச கத்தி நூறு காசுன்னு விலை போட்டிருந்தே. முரளியோட வீரன் பட்டறையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கத்தி செய்வான், விப்பான், மறுபடி செய்வான். "அக்கா, இவன் அசுரனைக் கொல்ல வரலை, இரும்புக்கடை போட வந்திருக்கான்"னு பாஸ்கர் புலம்பினான். டீ கொண்டு வந்த நான், "செய்கூலி எங்கப்பா? சேதாரம் எங்க?"ன்னு கேட்டேன். மூணு பேரும் சிரிச்சீங்க. அவங்க போனதும் நீ மட்டும் பக்கத்துல வந்து உட்கார்ந்தே.

நகைக்கடைக்குப் போன எந்தப் பொம்பளைக்கும் தெரிஞ்சதைத்தான் சொன்னேன். உருக்கும்போது கொஞ்சம் நெருப்புக்குப் போகும், அது சேதாரம். செய்றவன் சாப்பிடணும், அது செய்கூலி. திருப்பி விக்கப் போனா கடைக்காரன் ரெண்டையும் சேர்க்க மாட்டான், எடைக்குத்தான் காசு. அப்படியே ஒவ்வொரு ஆயுதத்துக்கும் புதுசா விலை போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரமே முரளிக்குப் பட்டறை கட்டுப்படியாகலை. கத்தியைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குக் கிளம்பினான்.

விலை சொல்றதுக்குன்னு ஆட்டத்துல ஒரு கடைக்காரக் கிழவியை உண்டாக்கினே. அவளுக்கு என் குரலைக் கொடுத்தே. "அண்ணாமலையாரே, எனக்குக் கட்டுப்படியாகாதுப்பா"ன்னு மூக்கால இழுப்பே. சேதாரக் கிழவின்னு பேர் வெச்சீங்க. நானும் சமையல்கட்டுல சிரிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

ஒரு நாள் பாஸ்கர் கேட்டான், "ஏண்டா, இந்தக் கிழவிக்குப் புள்ளகுட்டி கிடையாதா?"

நீ யோசிக்கவே இல்லை. "ரெண்டு இருந்துச்சுடா. சேதாரத்துல போயிடுச்சு."

எனக்கு வயித்துலயே போன ரெண்டும் உனக்குத் தெரியும். ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூட்டிட்டு வந்தவனே நீதான். அவங்களுக்குத் தெரியாது, சிரிச்சாங்க. அப்புறம் ஆட்டத்துல விலை ஜாஸ்தின்னு முரளியோட வீரன் கிழவியைக் குத்தினான். பகடையில ஆறு விழுந்துச்சு. "செத்தா"ன்னே. கடையைக் கொள்ளையடிச்சாங்க. நான் பஜ்ஜித் தட்டைக் கொண்டாந்து வெச்சேன். ஒண்ணை எடுத்துக் கடிச்சுட்டு, "காரம் கம்மிக்கா"ன்னே.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கிறது தெரிஞ்சு சொன்னியா, தெரியாமச் சொன்னியா? ரெண்டுல எது பரவாயில்லைன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. அந்த வாரமே போளூர் ரோட்டுல லாரி உன்னை அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு. கேட்க ஆளில்லாமப் போச்சு.

போன ஞாயிறு வந்து உட்கார்ந்ததும், "இனிமே நீங்கதான் கதை சொல்லணும்க்கா"ன்னான் பாஸ்கர். முரளி தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "முதல்ல அந்தக் கிழவியை எழுப்பிடுங்க. மலையில உயிர் மூலிகை இருக்குன்னு சேகர் சொல்லியிருக்கான். விலை மட்டும் போடுங்க, எங்க வீரனுங்க காசு மொத்தமும் தர்றோம்."

"கொன்னவனே நீதானேப்பா. இப்ப எதுக்கு அவ?"

"அவ பேசினா சேகர் பேசுற மாதிரி இருக்கும்க்கா."

பாஸ்கர் அழுதுட்டான். நான் அழலை. "எனக்குக் கட்டுப்படியாகாதுப்பா"ன்னேன். என் சொந்தக் குரல்தான். ரெண்டு பேரும் திடுக்குனு நிமிர்ந்தாங்க. அவங்க காதுக்கு அது நீயாக் கேட்டிருக்கு. என் குரலையும் எடுத்துக்கிட்டுத்தான் போனியா?

"போன சேதாரம் திரும்பாது. சேகர் ஒத்துக்கிட்ட விதி அது"ன்னு சொல்லிட்டேன். கிழவி செத்தவதான். கடை பூட்டினதுதான். இனிமே கத்தி மழுங்கினா மாத்த வழியில்லை. மொண்ணைக் கத்தியோட அசுரன்கிட்ட போகட்டும்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். எப்பவும் ரெண்டு விளக்கு ஏத்துவேன். யாருக்குன்னு நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தத் தடவை மூணு. உன்னையும் அந்தக் கணக்குலயே சேர்த்துட்டேன், தம்பி.

ஞாயித்துக்கிழமை தோறும் அவங்க வரட்டும். கதை சொல்றேன், பஜ்ஜி போடறேன், காரம் தூக்கலாவே போடறேன். ஆனா அந்த மூலிகைக்கு மட்டும் விலை போட மாட்டேன். அண்ணாமலையார் மேல சத்தியம்.

இப்படிக்கு,
உன்கூடப் பிறந்தவ,
விலை குறைக்காத உன் அக்கா.