டாக்டரிடம் நான் சொன்ன ‘இல்லை’

கோபம் வந்தாலும் என்னைத் ‘தங்கம்’ என்றே கூப்பிட்ட என் அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு எங்கே போவது என்று இப்போதே நாளுக்கு ஒரு ஊர் சொல்கிறார். உங்கள் கயல் மைன்ஸ் ஆபீஸில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் ‘பர்மனென்ட் ஆகுமா?’ என்கிறார்கள், அடுத்தது ‘கல்யாணம் எப்போ?’ என்கிறார்கள். நீங்கள் போனபோது அவளுக்கு ஐந்து வயது, இப்போது இருபத்துநான்கு.

அண்ணி, உங்கள் தலையில் அடித்துச் செய்து கொடுத்த சத்தியத்தைப் போன மாதம் மீறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். திட்டுவதானால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அந்தச் சத்தியம் எப்படி வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். கயலைப் பெற்றபோது ரத்தம் நிற்காமல் போய், பாட்டில் பாட்டிலாக ஏற்றித்தான் உங்களைக் காப்பாற்றினார்கள். நீங்கள் தேறி எழுந்து நான்கு வருஷம் ஆனதும் எங்கள் அம்மா ஆரம்பித்துவிட்டார். “ஒரு கண்ணு கண்ணுமில்ல, ஒரு புள்ள புள்ளயுமில்ல” என்று சோறு போடும்போதெல்லாம் ஒரு தடவை சொல்வார். அண்ணன் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. ஆனால் அம்மாவை ‘சும்மா இரு’ என்றும் சொன்னதில்லை.

நான் அப்போது பஜாரில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டீர்கள்.

“தங்கம், உங்க கடையில அந்த மாத்திர இருக்குதில்ல? குழந்த நிக்காம இருக்கறது? எடுத்தாந்து குடுடி. உங்க அண்ணனுக்குத் தெரியக் கூடாது. ஆருக்கும் தெரியக் கூடாது. எந்தல மேல அடிச்சு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். எனக்கு இருபத்துமூன்று வயது. அண்ணி என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்கிறார் என்ற பெருமையே பெரிதாக இருந்தது. மறுநாளே கொண்டுவந்து கொடுத்தேன். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

அந்த அட்டையை நீங்கள் ஒளித்துவைத்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அண்ணனுக்கு மைன்ஸ் ஸ்டோரில் கொடுத்த புது சேஃப்டி ஷூ, பெட்டியோடு பீரோ மேல் கிடந்தது. பழைய ஷூ கிழிகிற வரைக்கும் அதைத் தொட மாட்டார், அவர் குணம் அப்படி. அவருடைய ஷூவுக்குள்ளேயே மாத்திரையைப் போட்டு வைத்த கெட்டிக்காரி நீங்கள்.

ஆனால் கெட்டிக்காரத்தனம் அங்கேயே நின்றுவிட்டது, அண்ணி. தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டிய மாத்திரையை நீங்கள் அண்ணனின் ஷிஃப்ட்டைப் பார்த்துப் போட்டீர்கள். அவர் ஷிஃப்ட் பஸ் ஏறிய பிறகுதான் பீரோ மேல் கை போகும். காலை ஷிஃப்ட் வாரத்தில் விடியும்போது, அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நைட் ஷிஃப்ட்டானால் படுக்கப் போகிற நேரம். கடைசி ஏழு பழுப்பு மாத்திரையும் வெறும் இரும்புச் சத்து என்று எப்போதோ நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அதையெல்லாம் ரோஜாத் தொட்டியில் போட்டீர்கள். ரோஜா நன்றாகப் பூத்தது. நீங்கள் ஏழு நாள் கணக்கை மறந்து ஒன்பதாம் நாள் புது அட்டையைப் பிரித்தீர்கள்.

பிறகு அண்ணனுக்குக் காலில் அடிபட்டது. ஒன்றரை மாதம் லீவில் வீட்டிலேயே கிடந்தார். பஸ் ஏறவே இல்லை. நீங்களும் மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டீர்கள். ‘பாப்பா பயப்படறா’ என்று கயல் பக்கத்திலேயே படுத்தீர்கள். அவர் திரும்ப வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கே புது அட்டையை ஆரம்பித்தீர்கள்.

நீங்கள் போன பிறகுதான் நான் பார்மசி படித்தேன். வேறு படிப்பு எதிலும் மனசு போகவில்லை. வகுப்பில் இந்தப் பாடம் வந்த அன்றைக்கு எழுந்து வெளியே வந்துவிட்டேன். பிறகு தனியாக உட்கார்ந்து படித்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதைக் காலம் கடந்து தெரிந்துகொண்டேன். இப்போதாவது சொல்கிறேன், கேளுங்கள்.

அதில் இரண்டு ஹார்மோன் இருக்கிறது: ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டின் ஒன்று. நம் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருந்துகொண்டு, மாதாமாதம் ‘முட்டையை அனுப்பு’ என்று சினைப்பைக்குச் சேதி சொல்கிறது. மாத்திரை உள்ளே போனால் ரத்தத்தில் ஏற்கெனவே ஹார்மோன் ஓடுவதைப் பார்த்து, அது சேதி அனுப்பாமல் சும்மா இருந்துவிடும். முட்டை வராது. கருப்பை வாயில் இருக்கும் சளி கெட்டிப்பட்டு விந்தணுவை ஏறவிடாது. கருப்பையின் உள்சுவரும் மெலிந்தே இருக்கும். அந்த ஏழு நாளில் வருகிற உதிரம்கூட நிஜமான மாதவிலக்கு இல்லை, அண்ணி. ஹார்மோன் நின்றதால் வருவது. இரண்டு மூன்று நாள் தவறினால் அந்தச் சுரப்பி விழித்துக்கொள்ளும், குழந்தை நின்றுவிடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, ரத்தத்தை உறையவைக்கிற பொருள்களைக் கூடுதலாகச் செய்யவைக்கும். விரல் அறுபட்டால் ரத்தம் உறையத்தான் வேண்டும். அறுபடாத இடத்தில், கெண்டைக்காலுக்குள் ஓடும் ரத்தநாளத்தில் சும்மா உறைந்தால் வினை. அந்தக் கட்டி அங்கிருந்து கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. புதிதாக ஆரம்பித்த மாதங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். ஒரு மாதம், அதற்கு மேல் விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால், மறுபடி முதல் மாதம் மாதிரிதான்.

இதைப் படித்த அன்றைக்கு அண்ணனின் ஒன்றரை மாத லீவு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பல நாள் தூக்கமே இல்லை.

மாத்திரையை விஷம் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ரத்தம் கட்டுகிற ஆபத்து இதைவிட அதிகம். எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்கில் போட்டு நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாத்திரை சரிப்படாது. பி.பி. இருப்பவர்கள், கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், முப்பத்தைந்து தாண்டியும் புகை பிடிப்பவர்கள், குழந்தை பெற்றுச் சில வாரமே ஆனவர்கள், குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்தவர்கள் — இவர்களை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

புது அட்டை ஆரம்பித்து ஒன்றரை மாதம் இருக்கும். “தங்கம், இடது காலு மட்டும் இழுத்துகினு இருக்குது. லேசா நீவி வுடேன்” என்றீர்கள். கால் வீங்கியிருந்தது, தொட்டால் சூடாக இருந்தது. ஒரு கால் மட்டும் வீங்கினால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து, இரண்டு நாள் அழுத்தி நீவி விட்டேன். “உங்கையில மருந்து இருக்குதுடி” என்று சொன்னீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நீங்கள் மூச்சு வாங்குகிறது என்று கொடிக் கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனோம். டாக்டர் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கேட்டார்: “இவங்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா? கருத்தடை மாத்திரை மாதிரி?”

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன். கால்மாட்டில் அம்மா. முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டியிருந்த நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

“இல்லைங்க டாக்டர்” என்று சொன்னேன்.

பத்தொன்பது வருஷமாக அந்தப் பார்வையைத்தான் யோசிக்கிறேன், அண்ணி. அது ‘சொல்லாதே’ என்றதா? ‘சொல்லிவிடு’ என்றதா? உங்களுக்கு உயிர் பெரிதா, சத்தியம் பெரிதா என்று கேட்காமலேயே நான் முடிவு பண்ணிவிட்டேன். அவர்கள் அறிந்த வைத்தியம் எல்லாம் செய்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது, எங்கள் பிளாக்குக்கு வந்து சேருவதற்குள் ‘ஹார்ட் அட்டாக்’ ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. ஷூ பெட்டியிலிருந்து அட்டையை மட்டும் எடுத்து அப்புறப்படுத்தினேன்.

போன மாதம் கயலைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டியில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, தூரம் வந்தால் பத்து நாள் நிற்பதில்லை, துவண்டு போகிறாள். டாக்டர் நிதானமாகப் பேசினார். ஹார்மோன் மாத்திரை ஆறு மாதம் போட்டால் சீராகும் என்றார். அதே இரண்டு ஹார்மோன்தான்.

“வீட்ல யாருக்காவது ரத்தக்கட்டி, பக்கவாதம், அந்த மாதிரி?”

“இல்ல மேடம். அம்மா மட்டும் ஹார்ட் அட்டாக்ல போயிட்டாங்க.”

“எந்த வயசுல?”

“முப்பத்தொண்ணு.”

டாக்டரின் பேனா நின்றது. “முப்பத்தொண்ணா? அதுக்கு முன்னாடி கால் ஏதாவது வீங்குச்சா? மாத்திரை எதாவது எடுத்துகிட்டு இருந்தாங்களா?”

“எனக்குத் தெரியாது மேடம். நான் சின்னப் பொண்ணு. அத்தைக்குத்தான் தெரியும்” என்று சொல்லி, என் பக்கம் திரும்பினாள். உங்கள் கண், அண்ணி. அப்படியே உங்கள் கண்.

“ஆமாங்க டாக்டர். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாங்க. நான்தான் வாங்கிக் குடுத்தேன்” என்றேன்.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டார். அம்மாவுக்கு அந்த வயதில் வந்திருந்தால் மகளுக்கும் ரத்தம் உறைகிற சுபாவம் இருக்கலாம், ஈஸ்ட்ரோஜன் வேண்டாம் என்று சொல்லி, அது இல்லாத வேறு மருந்து எழுதினார். ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டு கொடுத்தார். “பின்னால கர்ப்பமானாலும் சரி, ஆபரேஷன்னாலும் சரி, இத முதல்ல சொல்லணும்மா” என்றார். கிளம்பும்போது நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், நான் நீவி விட்டதால்தானா என்று. “நீவக் கூடாதுதான். ஆனா கட்டி தானாவும் நகரும். எதனாலன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது” என்றார். பொய் சொல்லித் தேற்றாமல் விட்டதற்கு அவருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

பஸ்ஸில் பாதி வழி தாண்டும் வரைக்கும் கயல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: “ஏன் அத்த, நான் பொறந்தப்ப பட்ட கஷ்டத்தாலயா அம்மா அத சாப்ட்டாங்க?”

“பயம் இருந்துச்சுதான்டி” என்றேன். “ஆனா எங்கிட்ட சொன்னது வேற. ‘இவ ஒருத்தி எனக்குப் போதும்’னாங்க.” அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர் பேசாமல் திரும்பிப் போனார்.

அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்து கேட்டார். “எங்கிட்ட சொல்ல அவ்ளோ பயந்துகினா இருந்தா? சொல்லியிருந்தா நானே வாங்கியாந்திருப்பேனே” என்றார். வாங்கி வந்திருப்பாரா, அண்ணி? அவரோடு குடும்பம் நடத்தியவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

“அன்னிக்கி ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டப்ப நானும் அங்கதான நின்னுகினு இருந்தேன். நான் வெளிய போயிருந்தா நீ சொல்லியிருப்பியா வசந்தா?”

இனி ஒரு பொய் என்னால் முடியாது. “சொல்லியிருப்பேண்ணா” என்றேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் கயலின் ரத்தப் பரிசோதனைக்கு லீவு போட்டுவிட்டு அவரே கூட்டிக்கொண்டு போனார். அங்கே கொடுத்த தாளில் தாயின் நோய் என்று இருந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்கு போன் பண்ணிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாக அவர் கையாலேயே எழுதினார். ரிசல்ட் அடுத்த வாரம் வருகிறது. எது வந்தாலும் பார்த்துக்கொள்வோம்.

இப்போது என் மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பெண்கள் வந்து, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு ‘அந்த மாத்திர’ என்று முணுமுணுக்கிறார்கள். ஒவ்வொருத்தியையும் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். கால் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஓடு, ஓடிப்போய் மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லு என்கிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். பட்டுக்கொள்ளட்டும்.

அண்ணி, கயல் என்றைக்காவது பிள்ளை பெறப் போகிற நாளில் நான் அவள் கட்டில் பக்கத்தில் இருப்பேன். டாக்டர் கேட்பார். புருஷன் நிற்கட்டும், மாமியார் நிற்கட்டும், ஊரே நிற்கட்டும். நான் ‘ஆமாம்’ என்று சொல்வேன்.

உங்கள் நாத்தனார்,
வசந்தா