சுவிட்ச் வெளியே இருக்கிறது

அன்புள்ள அக்கா, முதலில் ஒரு சத்தியம் செய். இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே, உன் அறைத் தோழிக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதே உறையில் இருக்கும். இங்கே எல்லாரும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று அதில் வருவது உண்மைதான். ஆனால் எழுதிய நான் இப்போது அவ்வளவு சுகமாக இல்லை. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். மணி பதினொன்றரை. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. உன் கேமராவை எடுத்துவிட்டேன்.

நீ கேமராவே வேண்டாமென்று போட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போன மறுநாளே அப்பா அதைத் தன் ஸ்பேனர் பெட்டிக்குள் வைத்து அலமாரி மேல் ஏற்றி, இதை ஒருத்தரும் தொடக்கூடாது என்றார். உன்மேல் உள்ள கோபம் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் ஒரு கடிதத்திலாவது அப்பாவுக்கென்று தனியாக ஒரு வரி எழுதியிருப்பாயே. அன்று நடந்தது எனக்கும் மறக்கவில்லை. நீ இதே குளியலறையில் இருட்டில் பிலிமைக் கழுவுகிற டப்பாவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தாய், துளி வெளிச்சம் பட்டாலும் பாழ். பழைய கார்களைத் தேடித் தேடி ஆறு மாதமாக எடுத்தது, பத்திரிகை வேலைக்குக் காட்ட வேண்டிய படங்கள். அப்பா மெக்கானிக் ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு வந்தவர் அவசரத்தில் வெளியே இருக்கிற சுவிட்சைத் தட்டிவிட்டார். படமும் போயிற்று, இங்கேயே கிடைத்திருக்க வேண்டிய வேலையும் போயிற்று. உங்களுக்கு நட்டு போல்ட்டைத் தவிர என்னப்பா தெரியும் என்று நீ கத்தினாய். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அன்றிலிருந்து அவர் இந்தச் சுவிட்சைத் தொடுவதே இல்லை. ராத்திரி எவ்வளவு நேரமானாலும் இருட்டிலேயே தடவித் தடவிக் கை கழுவிவிட்டுப் போகிறார். உங்கப்பா ஒருத்தராலதான் கரண்ட் பில் கம்மியா வருது என்று அம்மா கேலி செய்கிறாள், அதற்கும் சிரித்துக்கொள்கிறார்.

போன வாரம் அந்தப் பெட்டியை நாற்காலி போட்டு இறக்கினேன். கேமரா மஞ்சள் பாலிஷ் துணியில் சுற்றியிருந்தது, ஷெட்டில் வேறு யாரையும் தொட விடாத துணி அது. உன் கேமரா உறையில் ஓரம் பிரிந்து தொங்குமே, அதைக் கார் சீட் தைக்கிற தடித்த நூலால் தைத்திருக்கிறார், தையல் அவ்வளவு நேர். அடியில் ஒரு உறைக்குள் அந்தப் பாழான சுருள். நீ கடைசி நம்பிக்கையில் கழுவிப் பார்த்து, முழுதும் கறுப்பாக வந்ததும் குப்பையில் எறிந்தாயே, அதுவேதான். பொறுக்கி எடுத்து மடியாமல் வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பழைய கார்கள் கண்காட்சி. கணக்குப் போட சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, நீ விட்டுப்போன ஒரே ஒரு பிலிமைப் போட்டுக்கொண்டு போனேன். அப்பா நாலு வருடமாக மாரடித்த டாக்டரின் கரும்பச்சைக் கார் முன்வரிசையில் நின்றது. அந்த வண்டிக்குப் போட்ட பாலிஷ்ல பாதிய தன் செருப்புக்குப் போட்டிருந்தா மனுஷன் மாப்பிள்ளை மாதிரி இருப்பாரு என்பாளே அம்மா, அதே கார். பம்பரில் மேகம் தெரிந்தது அக்கா, சக்கரத்து மூடியில் என் மூஞ்சி பூசணிக்காய் மாதிரித் தெரிந்தது. நான் அப்பா கண்ணில் படாமல் பந்தல் தூண் மறைவில் நின்று எடுத்தேன். முதல் நாலு படம் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்துவிட்டேன், சிரிக்காதே.

டாக்டர் கார் கதவில் கை வைத்து நின்றார், பக்கத்தில் அப்பா. பத்திரிகைப் படக்காரர் அப்பாவைப் பார்த்து, அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க, படத்து ஓரத்துல நீங்க விழறீங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்பாவோ சிரித்துக்கொண்டே விலகி, சரிதான் தம்பி, என் பெரிய பொண்ணும் இப்படித்தான் விரட்டுவா, ஆனா அவ எடுத்தா வண்டி நின்ன இடத்துலயே ஓடற மாதிரி இருக்கும், நீங்க அவ படத்தப் பார்த்ததில்லையே என்றார். முன்பின் தெரியாத ஆளிடம்! டாக்டரும் விடவில்லை, அவர எடுங்கய்யா மொதல்ல, நான் வண்டிக்கு வெறும் சொந்தக்காரன், உசுரு குடுத்தது அவரு என்று அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா கூச்சத்தில் நெளிந்து, வண்டியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சாக்குச் சொல்லி பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது அமுக்கினேன்.

இந்த ஒரு வாரமும் அந்தக் கறுப்புச் சுருளை வைத்துத்தான் கண்ணை மூடிச் சுற்றிப் பழகினேன். இன்று எல்லாரும் படுத்த பிறகு நிஜச் சுருள். சுற்றி முடித்து டப்பாவை மூடுகிற வரை என் உயிர் வெளியே இருக்கிற அந்தச் சுவிட்சில்தான் இருந்தது. இப்போது கழுவி முடித்து, துணி கிளிப்பில் தொங்குகிறது, சொட்டுகிறது. டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். வந்திருக்கிறது அக்கா! நாலைத் தவிர எல்லாம் வந்திருக்கிறது. இருபத்தொன்றாவதில் அப்பா. நெகட்டிவில் அவர் நரையெல்லாம் கறுகறுவென்று இருக்கிறது, உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பழைய படத்து அப்பா மாதிரி. காய்ந்ததும் அந்தத் துண்டை மட்டும் வெட்டி இதனுடன் வைக்கிறேன். நீதான் அச்சுப் போட வேண்டும், வேறு யார் போட்டாலும் எனக்குச் சம்மதமில்லை.

அப்பாவின் கடிதத்தில் ஒரு வரி அடித்திருக்கும் பார். அன்னிக்கு அந்த லைட்ட நான் என்று ஆரம்பித்தவர், நகத்துக் கிரீஸைச் சுரண்டிக்கொண்டே, அத அடிச்சிடு பாப்பா, வேளைக்குச் சாப்பிடச் சொல்லு என்றார். அந்த மீதி வரியை உன்னால்தான் எழுத முடியும். அவருக்கென்று தனியாக எழுது, ஒரு வரி போதும். அவர் ஆசீர்வாதம் முதல் கடிதத்தில் இருக்கிறது, என் முத்தம் இதில். கேமராவைப் பெட்டியில் வைக்கிற வரைக்கும் நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொள். இப்படிக்கு, உன் கேமராவைத் திருடிய அருமைத் தங்

யாரோ தட்டுகிறார்கள். அம்மா என்றால் கதவை இடிப்பாள். இது மெதுவாக, விரல் மடக்கில். அப்பாதான். சுவிட்சைப் போடவில்லை, இருட்டில் நின்றுகொண்டு, பாப்பா, இப்ப லைட்டப் போடலாமா என்று கேட்கிறார்