அப்பாவின் கறுப்புத் துடுப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் கோர்சிகாவில் சுகம்.

நீங்கள் ஞாயிறுதோறும் ஈட்டியால் மீன் குத்தப் போகையில் போடும் நீளக் கறுப்பு நீச்சல் துடுப்பைக் கொண்டுவந்து, அதைக் காலில் மாட்டிக்கொண்டுதான் இங்கே மூன்று நாள் மீன் எண்ணினேன். பாறைப் பொந்தில் வாழும் களவா மீன் ஒன்றுகூட இல்லை. விடுமுறைக்கு வரும் ஈட்டிக்காரர்கள் பாறையையே துடைத்துவிட்டார்கள் என்று அறிக்கை எழுத உட்கார்ந்தேன். படகோட்டி பெத்ரு சிரித்தார்.

“வேட்டைக்காரன் வேஷத்துல போனா எது வெளிய வரும்? என் மஞ்சள் துடுப்பை மாட்டிப் பாரும்மா.”

மாட்டினேன். பொந்துகளிலிருந்து பதினோரு களவாக்கள் வந்தன. முன்பு நாற்பது இருந்த இடம்தான். ஆனாலும் எனக்குப் போன உயிர் திரும்பியது. ஒன்று என் முகத்தருகே நின்று வெகுநேரம் பார்த்தது. இங்கே வந்ததிலிருந்து என்னை அப்படி யாரும் பார்க்கவில்லை.

படகு கிளம்புகிறது. என் பழைய மஞ்சள் துடுப்பை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள், ஈட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு.

உங்கள் நோல்வென்