பேனலுக்கு வைத்த சந்தனம்

24 செப்டம்பர் 2025, புதன்

சாமல்பட்டி ரயில்வே கேட் மூடியிருந்ததால் பத்து நிமிஷம் லேட். சூப்பர்வைசர் கோபி சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் திட்டுவது அப்படித்தான்.

இந்த சைட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். பன்னிரண்டு கண்டெய்னர், எல்லாவற்றிலும் பேட்டரி. பகலில் சோலார் கரண்டை வாங்கி வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். உள்ளே ஒரு செல் கெட்டால் முதலில் கேஸ் வரும், நெருப்பு அப்புறம். கேஸை மோந்து சொல்ல சென்சார், சென்சார் சொல்வதைப் பார்க்க நான். வெளியே ரவுண்ட்ஸ் போவது ஷோயப். என்னிடம் வாக்கிடாக்கியில் கேட்காமல் எந்தக் கதவையும் திறக்க மாட்டான்.

"ஜோதிக்கா, கேஸ் எவ்ளோ?"

"ஜீரோ."

"தொறக்கட்டுமா?"

"தொற."

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. என் வீட்டுக்காரரிடம்கூட இவ்வளவு பேசுவதில்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. போன வருஷம் சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடித்து, ஊத்தங்கரையிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து, ஊரே சிரித்தது. அதனால் இந்த வருஷம் கோபி சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "பன்னெண்டையும் பைபாஸ்ல போடும்மா." பேனலில் சாவியை நான்தான் திருப்பினேன். அலாரம் ஊமை. இனி புகை வந்தாலும் கேஸ் வந்தாலும் ஸ்கிரீனில் ஜீரோதான்.

வாழைக்கன்று கட்டியது ஷோயப். கண்டெய்னருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பேனலுக்கும் கை நிறையச் சந்தனம் அப்பினார் கோபி சார். ஸ்பேனர், மீட்டரோடு அந்தச் சாவியையும் சாமி முன்னால் வைத்துவிட்டார்.

"சார், சாவி வேணுமே?"

"பூஜையில வெச்சத இன்னிக்கே எடுப்பாங்களா? நாளைக்கு எடுத்துக்கலாம்."

எங்கள் வீட்டிலும் அரிவாள்மனையைக்கூட மறுநாள்தான் தொடுவோம். ஒரு ராத்திரிதானே. பொரிகடலை இரண்டு பொட்டலம் கொடுத்தார்கள். ஷோயப் தன்னுடையதையும் என் பையில் போட்டான்.

2 அக்டோபர்

லீவு. தூங்கினேன்.

3 அக்டோபர், வெள்ளி

சாவி ஆணியில் தொங்கியது, சந்தனக் கறையோடு. நேற்று பேனலில் எனக்குப் பதில் டியூட்டி சந்தோஷ். ரிஜிஸ்டரில் 'பைபாஸ் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

7 அக்டோபர், செவ்வாய்

ஏழாம் நம்பர் பக்கம் ஏதோ இனிப்பாக வாசனை வருகிறதாம். "நெயில் பாலிஷ் மாதிரிக்கா," என்றான் ஷோயப். "உன் பொண்டாட்டி நிகத் பூசிவிட்டிருப்பா, போ," என்று கிண்டல் செய்தேன். ஸ்கிரீனில் ஜீரோ. மூக்கை நம்புவதா, மூன்று லட்ச ரூபாய் சென்சாரை நம்புவதா? என் ஸ்கிரீன் பொய் சொல்லாது என்றேன். சிரித்தான்.

9 அக்டோபர், வியாழன்

ஐயோ. எழுத முடியவில்லை.

10 அக்டோபர், வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று காலை பதினொன்றே முக்காலுக்கு ஏழாம் நம்பரில் சூடு ஏறியது. கேஸ் இருந்தால் கதவைத் தொடக்கூடாது, எல்லோரும் வெளியே ஓட வேண்டும் — அதுதான் ரூல். கேஸ் இல்லாமல் சூடு மட்டும் ஏறினால் ஃபேன் கோளாறு, போய்ப் பார்க்கலாம். ஷோயப் போனான்.

"ஜோதிக்கா, கேஸ் எவ்ளோ?"

"ஜீரோ."

"தொறக்கட்டுமா?"

"தொற."

வெடித்த வேகத்தில் ரூம் ஜன்னல் கண்ணாடி என் மேல் கொட்டியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். கதவு இருபது அடி தள்ளிக் கிடந்தது. அவன் அதற்கும் அப்பால்.

ஆம்புலன்ஸ் போன பிறகு ரூமுக்கு வந்தேன். அலாரம் ஏன் அடிக்கவில்லை? ஏன்? பேனலில் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. சாமிக்கு வைத்ததை யார் துடைப்பார்கள்? நகத்தால் சுரண்டினேன். அடியில் பைபாஸின் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது நாளாக எரிந்திருக்கிறது. அதில் ஏழு நாள் நான் டிக் போட்டிருக்கிறேன்.

சந்தோஷ் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினான், அவ்வளவுதான். பைபாஸை நான் எடுத்துவிட்டேன் என்று அவன் நினைத்தான். அவன் எடுத்துவிட்டான் என்று நான் நினைத்தேன்.

சாவியைத் திருப்பினேன். விளக்கு அணைந்தது. யாரும் பார்க்கவில்லை. ஏண்டி அப்படிப் பண்ணுன?

12 அக்டோபர், ஞாயிறு

சேலம் ஆஸ்பத்திரி. அவனைப் பார்க்க விடவில்லை. நிகத் வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜோதிக்கா சொன்னா கண்ண மூடிக்கிட்டுத் தொறப்பேன்னு சொல்லுவாருக்கா," என்றாள். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தவள் அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

14 அக்டோபர், செவ்வாய்

விடியற்காலை போய்விட்டான். இருபத்தொன்பது வயசு.

16 அக்டோபர், வியாழன்

பெங்களூரு ஹெட் ஆபீஸிலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். அதற்கு முன் கோபி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேர்த்து வழிந்தது அவருக்கு.

"பேனல் நார்மல்ல இருக்குது. ரிஜிஸ்டரும் சரியா இருக்குது. அவன் உன்னக் கேக்காமத் தொறந்துட்டான். அப்படியே எழுதிக் குடும்மா."

"கேட்டான் சார்."

"ரெண்டு பேர் வேலையும் போயிரும் ஜோதி. செத்தவனுக்கு இனிமே என்ன வேலை போவப் போவுது?"

எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருந்தது.

20 அக்டோபர்

தீபாவளி. காலையிலிருந்து வெடிச் சத்தம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

23 அக்டோபர், வியாழன்

நிகத் வீட்டுக்கே வந்துவிட்டாள். கம்பெனி காகிதம் கையில். 'அனுமதியின்றித் திறந்தார்.'

"அவரு கேக்காமத் தொறக்க மாட்டாருக்கா. உங்களக் கேட்டாரா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"லைன் சரியாக் கேக்கலம்மா."

என்னையே பார்த்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. தெரு முனை திரும்பும்வரை அந்தக் காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே போனாள்.

பயம். வேலைக்குப் பயம், ஜெயிலுக்குப் பயம். ஆனால் அவன் கேட்டானே. கடைசியாக அவன் பேசினது என்னிடம்தானே. அதையும் இல்லை என்று சொல்லிவிட்டேனே, பாவி.

24 அக்டோபர், வெள்ளி

லீவு சொல்லிவிட்டு கிருஷ்ணகிரி போனேன். விபத்தை விசாரிக்கும் அரசு அதிகாரியிடம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாவி, சந்தனம், ஏழு டிக், விளக்கை அணைத்தது, 'தொற' என்றது — எல்லாம். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல உங்க மேலயும் வழக்கு வரும், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பசித்தது. பதினைந்து நாளில் முதல் தடவை.

11 டிசம்பர், வியாழன்

ஊத்தங்கரை தையல் யூனிட்டில் இது மூன்றாவது வாரம். காலர் தைக்கிறேன். வழக்கில் கோபி சார் பெயர் முதலில், என்னுடையது இரண்டாவது.

மத்தியானம் நிகத் போன் செய்தாள்.

"ரிப்போர்ட்ட மாத்திட்டாங்க. அனுமதி கேட்டுத்தான் தொறந்தாருன்னு போட்டிருக்காங்க."

"சரிம்மா."



"அன்னிக்கு வீட்டுக்கு வந்து கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்."

"ஆமாம்மா."

"சரி, வெக்கிறேங்க."

முன்பெல்லாம் ஒரு பேச்சுக்கு நாலு அக்கா போடுவாள். இன்று ஒன்றுகூட இல்லை. போனைப் பையில் வைத்துவிட்டு மீதிக் காலர்களைத் தைத்தேன்.