பீட்ரூட் தண்ணீர் போன வழி

சேன்-ரெமிஜ், கெபெக்
11 அக்டோபர் 1986

அன்புள்ள ஒடில் அத்தைக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எதையும் மறைக்கமாட்டேன். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. இப்போது பதின்மூன்று. எங்கள் நூலகத்தில் மரங்களைப் பற்றிய புத்தகங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன், மொத்தம் இரண்டு.

மரம் அறுக்கும் ஆலையை மூடிவிட்டார்கள். அப்பா மேப்பிள் பாகு காய்ச்ச ஒரு சர்க்கரைக் கொட்டகை போட நினைக்கிறார். அது அமையாவிட்டால் வடக்கே மரவெட்டு முகாமுக்குப் போய்விடுவார், பனி உருகும்வரை வரமாட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் கொட்டகையை எங்கே போடுவது என்பதில் எனக்கும் அக்கறை உண்டு.

அப்பா சாலையோரம் என்கிறார். மின்கம்பம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மேப்பிள் மரங்கள் சாலைக்குக் கீழே, சரிவில் நிற்கின்றன. மரத்தில் துளைபோட்டு வடிக்கும் நீர் குழாய் வழியாகத் தானாக இறங்கிவர வேண்டும். இங்கே அது மலை ஏற வேண்டும். பம்பு வைக்கலாம் என்கிறார் அப்பா. “தண்ணி கீழதான் போகும்னு நம்ம பசுமாட்டுக்குக்கூடத் தெரியும்” என்றார் அம்மா.

அப்படியானால் கீழே எந்த இடம் நல்லது என்று கேட்டேன். ஓடையோரம் என்று அம்மா சொன்னார். ஓடையோரம் உங்களுடையதாம். அத்தையிடம் கேட்கலாமே என்றேன். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “உங்க அத்தை காட்டு மானுக்குக் கூப்பிட்டு விருந்து வைப்பா. எனக்கு ஒரு அடி மண்ணு தரமாட்டா.”

இது உண்மையா அத்தை? குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உங்கள்
மர்ஜொலேன்

பி.கு.: இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. கேட்டால் சொல்லிவிடுவேன்.


கெபெக் நகரம்
20 அக்டோபர்

மர்ஜொலேன் கண்ணு,

ஆறு வருடம் கழித்து உங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் கடிதத்தில் காட்டு மான் இருக்கிறது. முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது.

உன் தாத்தா போனபின் நிலத்தைப் பிரிக்க அவருடைய தொப்பியில் இரண்டு சீட்டுப் போட்டோம். தொப்பியைப் பிடித்திருந்தவன் உன் அப்பா. முதலில் கைவிட்டு எடுத்தவனும் அவன்தான். சாலையும் மேடும் அவனுக்கு வந்தன. ஓடையும் சேறும் எனக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை, பேருந்து ஏறிவிட்டேன். இப்போது அவனுக்குப் பள்ளம் தேவைப்படுகிறதாக்கும்.

ஓடையோரம் குடில் கட்டி மீன் பிடிக்க ஒருவர் என் நிலத்தை விலைக்குக் கேட்கிறார். ஓடையில் மீனே இல்லை என்று சொல்லிவிட்டேன், பரவாயில்லை என்கிறார். டிசம்பர் தொடக்கத்தில் கையெழுத்து.

நன்றாகப் படி. அம்மாவுக்கு என் அன்பு. அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஒடில் அத்தை


சேன்-ரெமிஜ்
2 நவம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

நான் சொல்லவில்லை. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அப்பாவே கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நிலத்தை விற்கப்போகிறீர்கள் என்ற இடத்தில் பட்டாணி சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். அந்த விறகைப் போன வாரமே பிளந்தாகிவிட்டது.

நேற்று ஒரு சோதனை செய்தேன். வேட்டைக்காலம் என்பதால், சுடுபவர்கள் மானென்று நினைத்துவிடாமல் இருக்க அம்மா என் மேல் ஆரஞ்சு மேலங்கியை மாட்டிவிட்டார். அப்பா வாங்கிவைத்த பழைய குழாயைப் பெரிய மேப்பிளிலிருந்து சரிவு நெடுகப் போட்டேன். ஊறுகாய் ஜாடியில் மிச்சமிருந்த பீட்ரூட் சாற்றைத் தண்ணீரில் கலந்து மேலே ஊற்றினேன். ஊற்றிவிட்டுச் சிவப்போடு கூடவே கீழே ஓடினேன். பாதிவழியில் அது என்னை முந்திவிட்டது.

வேலிக்கு முன்னால் நின்றுபோனது. அங்கே நிலம் சமமாக இருக்கிறது. குழாயைத் தட்டினேன், ஊதினேன். அசையவில்லை. பிறகு குழாயின் நுனியை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். உடனே தண்ணீர் ஓடியது, அத்தை. சாய்ந்து கிடக்கும் தேவதாரு மரத்தடியில் உங்கள் இலைகளின் மேல் சிவப்பாகக் கொட்டியது.

அதைப் பார்க்க வேலி தாண்டி உங்கள் நிலத்துக்குள் வந்தேன். அனுமதி கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள். அங்கே சேறு இல்லை. தேவதாருவைச் சுற்றி நிலம் கெட்டியாக இருக்கிறது, குதித்துப் பார்த்தேன். நீங்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

அப்பாவிடம் சொன்னேன். நீங்களே அத்தையிடம் கேளுங்கள் என்றும் சொன்னேன். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கிறது?” என்றார். இருக்கிற ஒரே மூஞ்சியை வைத்துக்கொண்டு என்றார் அம்மா. முகாமுக்குப் போகும் பை கதவோரம் தயாராக இருக்கிறது.

உங்கள்
மர்ஜொலேன்


கெபெக் நகரம்
10 நவம்பர்

மர்ஜொலேன்,

பார்த்ததில்லை. சீட்டு விழுந்த நாளோடு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன். உன் அப்பா எதிர்கொள்ள வரவேண்டாம். நான் பார்க்க வருவது என் நிலத்தை. எனக்கும் ஒரு ஆரஞ்சு மேலங்கி எடுத்துவை. பீட்ரூட் சாறும்.

ஒடில் அத்தை


சேன்-ரெமிஜ்
15 நவம்பர், சனிக்கிழமை

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கீழே சமையலறையில் இருக்கிறீர்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பைக்குள் வைத்துவிடுவேன். பேருந்தில் படியுங்கள். நீங்கள் அங்கேயே இருந்தீர்கள், ஆனாலும் நான் பார்த்தது வேறு இடத்திலிருந்து.

நான் மேலேயிருந்து ஊற்றிவிட்டுச் சிவப்போடு கீழே ஓடிவந்தேன். நீங்கள் தேவதாருவின் அடியில் குழாய் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சிவப்பு உங்கள் கையில் கொட்டியதும், திரும்பாமலே நீங்கள் கேட்டீர்கள்: “வேலியத் தாண்ட வழி தெரியலையா, இல்ல வெக்கமா?”

“ரெண்டும்தான் அக்கா.”

அப்புறம் அப்பா தாண்டினார். கால்சட்டை கம்பியில் மாட்டிக்கொண்டது. நீங்கள் எடுத்துவிட்டீர்கள். இதை நீங்கள் இருவருமே அம்மாவிடம் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் நான் தூங்கப்போனதாக நினைத்தீர்கள். போகவில்லை. நீங்கள் அப்பாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது: “சீட்டு எதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தியாடா?”

அடுப்பில் கட்டை சரிந்தது. பிறகு அப்பா: “தெரியாது. ஆனா மேடு விழுந்ததும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அது உன் கண்ணுல பட்டிருக்கும்.”

“பட்டுச்சு” என்றீர்கள்.

இதற்குமேல் சண்டை வரும் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. நாற்காலியை இழுக்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு நீங்கள்: “கொட்டகைக்குக் கூரை சரியிற பக்கமா கதவு வைக்காதே. பனி முழுக்க வாசல்லதான் விழும்.”

அந்தப் பக்கம்தான் வெயில் வரும் என்றார் அப்பா. வெயிலைக் காய்ச்சப் போகிறாயா, பாகைக் காய்ச்சப் போகிறாயா என்றீர்கள். மீன்காரருக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, மீன் இருக்கிற ஓடையாகப் பார்க்கச் சொல்கிறேன் என்றீர்கள்.

கதவோரம் பார்த்தேன். அப்பாவின் பை அங்கே இல்லை.

உங்கள்
மர்ஜொலேன்

பி.கு.: கதவு எந்தப் பக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லை. மிச்சத்தைக் காலையில் பேசிக்கொள்ளச் சொல்லி அம்மா எழுந்துவிட்டார். நீங்கள் இருவரும் எழுந்த மாதிரித் தெரியவில்லை. அம்மா கீழே விளக்கை அணைத்த பிறகும் உங்கள் பேச்சு கேட்கிறது.